ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சனிக்கிழமை... காதுக்கு ஏற்ற இயர்போனைத் தேடி!

"அம்மா, காதுக்குள்ள 'கொய்ங்'னு ஒரு சத்தம் வந்துட்டே இருக்கு."

ராத்திரி பதினொரு மணிக்கு மகள் எழுந்து வந்து இப்படிச் சொன்னபோது, ஃபேன் சத்தமாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஃபேனை நிறுத்திப் பார்த்தோம். ஃபிரிட்ஜையும் நிறுத்திப் பார்த்தோம். தெருவே அடங்கிக் கிடந்தது. அவள் காதில் மட்டும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

மறுநாள் காலை அது போய்விட்டது. ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, 'பீப்' சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்லிச் சோதித்தார்கள். கேட்கும் திறன் சரியாகத்தான் இருந்தது. "எவ்வளவு நேரம் பாட்டு கேட்பே?" என்றார் டாக்டர். "காலேஜுக்கு ட்ரெயின்ல போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் டாக்டர்." "வால்யூம்?" மகள் போனை எடுத்துக் காட்டினாள். பதினைந்து கோட்டில் பதிமூன்று.

டாக்டர் திட்டவில்லை. "உள்காதுல ஆயிரக்கணக்கான மெல்லிய முடி செல்கள் இருக்கும்மா. சத்தத்தை மூளைக்குச் சொல்றது அதுங்கதான். தலைமுடி மாதிரி அது திரும்ப முளைக்காது. நேத்து ராத்திரி கேட்டது, உன் காது உனக்கு அடிச்ச அலாரம்" என்றார்.

வெளியே வந்ததும், "இனி ஹெட்செட்டே வேண்டாம்" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மகள் முந்திக்கொண்டாள். "ட்ரெயின் சத்தத்துல கம்மியா வெச்சா ஒண்ணுமே கேக்கலைம்மா. அதான் ஏத்தி வெக்கிறேன்." குரோம்பேட்டையில் ஏறி நுங்கம்பாக்கத்தில் இறங்குகிறவள். ஜன்னல் திறந்த மின்சார ரயிலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது என்பது எனக்கும் தெரியும். அப்படியென்றால், குறைந்த சத்தத்திலேயே தெளிவாகக் கேட்கிற ஒன்றை வாங்கினால் என்ன?

அந்தக் கேள்வியோடுதான் சனிக்கிழமை காலை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பினோம்.

அரசினர் தோட்டத்தில் இறங்கினால்...

குரோம்பேட்டையிலிருந்து கிண்டி வரை மின்சார ரயில். அங்கே மெட்ரோவுக்கு மாறினோம். சின்னமலை வரை மேலே ஓடும் மெட்ரோ, அதைத் தாண்டியதும் சுரங்கத்துக்குள் இறங்கிவிடும். அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி, அண்ணா சாலையைக் கடந்து சில நிமிடங்கள் நடந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்.

போகிறபோதே ஒரு சின்ன சோதனை செய்தோம். சத்தத்தை அளக்கும் செயலி ஒன்றை மகள் போனில் ஏற்றியிருந்தாள். போன் செயலி துல்லியமான கருவி இல்லை. ஆனால் வித்தியாசம் தெரியும். வீட்டு ஹாலில் 45 காட்டியது, மின்சார ரயிலின் ஜன்னலோரத்தில் 80-ஐத் தாண்டியது. இந்த இரைச்சலுக்கு மேலே பாட்டு கேட்க வேண்டுமென்றால் காதுக்குள் எவ்வளவு சத்தம் போக வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது. பெரியவர்கள் 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். குழந்தைகளுக்கு 75 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைந்துவிடும். 83 என்றால் 20 மணி நேரம், 86 என்றால் 10 மணி நேரம். 90-ஐத் தொட்டால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். மூன்று டெசிபல் என்பது காதுக்குப் பெரிதாகத் தெரியாத ஏற்றம். ஆனால் உள்ளே இருக்கும் செல்களுக்கு அது இரண்டு மடங்கு வேலை.

கூவி அழைக்கும் தெரு

ரிச்சி ஸ்ட்ரீட் என்று ஒரு தெருவின் பெயரைச் சொல்கிறோமே தவிர, பக்கத்தில் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சந்தை. ரேடியோ உதிரி பாகங்கள் விற்ற காலம் போய், டேப்ரிக்கார்டர், டி.வி., கம்ப்யூட்டர், செல்போன் என்று ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு சாமான் இங்கே குவிந்திருக்கிறது. என் அப்பா எங்கள் வீட்டு டேப்ரிக்கார்டருக்கு 'ஹெட்' மாற்ற இங்கேதான் வந்தார். நான் அப்போது பள்ளிக்கூடச் சிறுமி. சுட்ட ஈயத்தின் வாசனை இன்றும் அதே வாசனைதான்.

"வாங்க மேடம், ஹெட்செட்டா, சார்ஜரா, பவர்பேங்கா?" இரண்டு பக்கமும் குரல்கள். நடுவில் அட்டைப்பெட்டி ஏற்றிய வண்டி. அதற்கும் நடுவில் ஹார்ன் அடிக்கும் பைக். நடைபாதையில் கொத்துக் கொத்தாக இயர்போன்கள் கீரைக்கட்டு மாதிரித் தொங்குகின்றன. நூறு ரூபாய். கொஞ்சம் தள்ளிப் போனால், பெரிய கம்பெனியின் பெயர் போட்ட வெள்ளை டப்பா 'ஒரிஜினல் மாதிரியே' என்று சொல்லி விற்கப்படுகிறது. மாதிரி என்று அவர்களே சொல்லிவிடுவது ஒரு நேர்மைதான்! போன வருடம் வேறோர் இடத்தில் இப்படி ஒரு டப்பாவை ஒரிஜினல் என்று நம்பி வாங்கி, ரெண்டே மாதத்தில் ஒரு பக்கம் ஊமையானது எங்கள் வீட்டுக் கதை.

நாங்கள் தேடியது, போட்டுப் பார்த்து வாங்க விடுகிற கடையை. பல கடைகளில் "டப்பா பிரிச்சா எடுத்துக்கணும் மேடம்" என்றார்கள். அதுவும் நியாயம்தான். இன்னொருவர் காதில் போட்டதை யார் வாங்குவார்? நாலு கடை ஏறி இறங்கிய பிறகு, மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கடை. அறுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். மேசையில் சாம்பிளுக்கென்றே ஏழெட்டு இயர்போன்கள், ஒரு டப்பாவில் ஸ்பிரிட் பஞ்சு, இன்னொன்றில் விதவிதமான அளவில் ரப்பர்கள்.

"நல்ல கம்பெனியா காட்டுங்க" என்றேன்.

"கம்பெனியை அப்புறம் பாக்கலாம்மா. பாப்பாவுக்கு முதல்ல காது என்ன சைஸ்னு பாப்போம்" என்றார்.

குக்கர் கேஸ்கட் பாடம்

அன்றைக்குக் கற்றுக்கொண்டதில் இதுதான் முதல் பாடம், பெரிய பாடமும் கூட. காதுக்குள் செருகும் இயர்போனின் நுனியில் இருக்கிறதே சின்ன சிலிகான் ரப்பர், பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது. அது காதுத் துளையை இடைவெளி இல்லாமல் அடைக்க வேண்டும். கேஸ்கட் தளர்ந்த குக்கரில் பிரஷர் நிற்குமா? அதே கதைதான் இங்கேயும். இடைவெளி இருந்தால் முதலில் கசிந்து போவது 'பேஸ்' எனப்படும் அடித்தொனி. அதே இடைவெளி வழியாக வெளி இரைச்சலும் உள்ளே வரும். பாட்டு சப்பென்று கேட்கும். உடனே கை தானாக வால்யூமை ஏற்றும்.

மகளின் பழைய இயர்போனைப் பார்த்தார் பெரியவர். நடு அளவு ரப்பர். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது. சின்னது, பெரியது என்று டப்பாவில் கூடவே வந்த இரண்டு ஜோடிகளும் எங்கள் வீட்டில் எந்த மூலையில் கிடக்கின்றனவோ!

ஒவ்வோர் அளவாக மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். இடது காதுக்குச் சின்னது, வலது காதுக்கு நடு அளவு. ஆமாம், நிறைய பேருக்கு இரண்டு காதும் ஒரே அளவில் இருப்பதில்லையாம்! சரியாக அடைத்திருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்றும் சொன்னார். இரண்டையும் போட்டுக்கொண்டு, வாயை மூடியபடி "ம்ம்ம்" என்று முனக வேண்டும். நம் குரல் தலைக்குள் கும்மென்று ஒலித்தால் சரியாகப் பொருந்தியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் ஒலித்தால் மறுபக்கம் ரப்பரை மாற்ற வேண்டும்.

சிலிகான் பிடிக்காதவர்களுக்கு ஸ்பாஞ்ச் மாதிரியான ஃபோம் நுனியும் உண்டு. விரலால் உருட்டிச் சுருக்கிச் செருகினால், உள்ளே போய் மெல்ல விரிந்து அடைத்துக்கொள்ளும். வெளிச்சத்தம் இன்னும் நன்றாகக் குறையும். ஆனால் சில மாதங்களில் நைந்துவிடும், மாற்ற வேண்டும்.

மிருதங்கம் வைத்து ஒரு பரீட்சை

அடுத்தது, பாட்டு. "கடைக்காரன் போடுற பாட்டுல எந்த ஹெட்செட்டும் நல்லாத்தான் கேக்கும். உங்களுக்கு மனப்பாடமான பாட்டைப் போடுங்க" என்றார். மகள் அவளுடைய பாட்டைப் போட்டாள். எனக்கு, சமையலறை ரேடியோவில் வருடக்கணக்காகக் கேட்ட ஒரு கர்னாடக சங்கீதக் கச்சேரி.

ஒரு இயர்போனின் தரத்தைச் சோதிக்க மிருதங்கத்தைப் போல ஒரு வாத்தியம் இல்லை என்று அன்றைக்குத் தோன்றியது. வலந்தலையில் விழும் கணீர் என்ற அடி தெளிவாக, காதைக் குத்தாமல் கேட்க வேண்டும். தொப்பிப் பக்கத்தின் 'கும்' உருண்டு வர வேண்டும். ஆனால் பாடுகிறவர் குரலை அது மூடிவிடக் கூடாது. பின்னால் தம்புரா இழை அறுபடாமல் ஓட வேண்டும். முதல் இயர்போனில் தொப்பி மட்டும்தான் கேட்டது. கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. இரண்டாவதில் 'ஸ' வரும் இடமெல்லாம் சீறியது. மூன்றாவதில்தான் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. தம்புரா இவ்வளவு நாளாக அங்கேதான் இருந்திருக்கிறது. எங்கள் சமையலறை மிக்ஸிக்கு நடுவே எனக்குத்தான் கேட்டதில்லை.

இங்கே ஒரு சூட்சுமம். இரண்டை ஒப்பிடும்போது, கொஞ்சம் அதிகச் சத்தமாக ஒலிப்பதுதான் நல்லது என்று காது ஏமாந்துவிடும். அதனால் இரண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். அதோடு, குறைந்த வால்யூமில் எது தெளிவாகக் கேட்கிறது என்றும் பார்க்க வேண்டும். எங்களுக்கு வேண்டியதே அதுதானே!

டப்பாவில் போட்டிருக்கும் எண்களைப் பற்றியும் கேட்டேன். '20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்பது மனிதக் காதின் எல்லை. ஏறக்குறைய எல்லா டப்பாவிலும் அது இருக்கும். உள்ளே இருக்கும் டிரைவர், அதாவது குட்டி ஸ்பீக்கர், 10 மில்லிமீட்டரா 13 மில்லிமீட்டரா என்பதும் தரத்தைச் சொல்லிவிடாது. பெரிய தோசைக்கல் வாங்கிவிட்டால் தோசை நன்றாக வந்துவிடுமா என்ன?

ஒயரா, ஒயர் இல்லாததா?

மகளுக்கு ஆசை, ஒயர் இல்லாத இயர்பட்ஸ் மேல். தோழிகள் எல்லோரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். அதிலும் 'நாய்ஸ் கேன்சலிங்' உள்ளது வேண்டும் என்றாள். வெளியே வரும் இரைச்சலைக் குட்டி மைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே உருவாக்கி, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளச் செய்யும் நுட்பம் அது. 1978-ல் விமானத்தில் போகும்போது, கொடுத்த ஹெட்போனில் என்ஜின் இரைச்சல் தாங்காமல் அமர் போஸ் என்ற பேராசிரியர் இதற்கான கணக்குகளை அங்கேயே எழுதத் தொடங்கினார் என்பார்கள். அவருடைய அப்பா வங்கத்திலிருந்து அமெரிக்கா போனவர்.

ரயிலின் 'தடதட', ஏ.சி.யின் 'ஹூம்' போன்ற ஒரே சீரான தாழ்ந்த இரைச்சலை இது நன்றாகவே குறைக்கும். பக்கத்து சீட்டுக்காரர் போனில் கத்துவதை அந்த அளவுக்குக் குறைக்காது. ரயிலில் தினமும் போகிறவர்களுக்கு, வால்யூமைக் குறைக்க இது நிச்சயம் உதவும். மழை, வியர்வை தாங்க 'ஐ.பி.எக்ஸ்.4' என்ற குறியீடு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

"ஆனா ஒண்ணு" என்றார் பெரியவர். "அந்தக் குட்டி பேட்டரி சில வருஷத்துல சோர்ந்துபோகும். மாத்துறது கஷ்டம். ஒயர் உள்ளதுல, நல்லதா வாங்கிட்டா, ஒயர் போனா ஒயரை மட்டும் மாத்திக்கலாம்." ஒயரைத் தனியாகக் கழற்றி மாட்டும் இயர்போன் ஒன்றைக் காட்டினார். ஒயர் காதுக்கு மேலே சுற்றி வரும். மேடையில் பாடுகிறவர்கள் போட்டிருப்பார்களே, அந்த மாதிரி. இந்த வகையே மேடையிலிருந்து வந்ததுதான். 1995-ல் அமெரிக்காவில் 'வான் ஹேலன்' ராக் குழுவின் டிரம்மருக்காக, காது அளவெடுத்துச் செய்ததில் பிரபலமானது. இதில் சில ரகங்களின் உள்ளே இருக்கும் நுண்ணிய டிரைவர், காது கேளாதோருக்கான கருவிக்காக உருவானது. காது போனவர்களுக்காகச் செய்த பொருள், காதைக் காப்பாற்றவும் உதவுகிறது!

மகளின் போனில் பழைய வட்ட ஓட்டை கிடையாது, டைப்-சி மட்டும்தான். அதற்கு ஒரு குட்டி கன்வெர்ட்டர் தேவை. எல்லா கன்வெர்ட்டரும் எல்லா போனிலும் வேலை செய்யாது என்பதால், அவள் போனிலேயே மாட்டிக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார்.

அவள் முகம் வாடித்தான் இருந்தது. "எல்லாரும் ஒயர் இல்லாம வருவாங்க, நான் மட்டும் ஒயரோட போகணுமா?" என்றாள். முடிவை அவளிடமே விட்டேன். அதே விலையில் இருந்த ஒயர் இல்லாத ஒன்றையும், இதையும் மாற்றி மாற்றிக் கேட்டாள். பத்து நிமிடம் கழித்து ஒயர் உள்ளதை எடுத்து என் கையில் வைத்தாள். "இதுல அஞ்சாவது கோட்டுலேயே எல்லாம் கேக்குதும்மா."

கன்வெர்ட்டரோடு சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. பில் வாங்கினோம், வாரன்டி அட்டையில் சீல் வாங்கினோம். கூடவே ஒரு ஜோடி ஃபோம் நுனியும்.

வீட்டில் போட்ட சட்டங்கள்

காதை நன்றாக அடைக்கும் இயர்போனில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ரயில் வரும் சத்தம், பஸ் ஹார்ன் எதுவுமே கேட்காது. அதனால் திரும்பி வரும்போதே இருவரும் பேசி முடிவெடுத்தோம். ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் காதில் மாட்ட வேண்டும். இறங்குவதற்கு முந்தைய ஸ்டேஷனிலேயே கழற்றிப் பைக்குள் வைத்துவிட வேண்டும். நடக்கும்போதும், சாலையைக் கடக்கும்போதும், தண்டவாளத்துக்குப் பக்கத்திலும் காது திறந்தே இருக்க வேண்டும்.

இன்னும் சில: ஒரு மணி நேரம் கேட்டால் சற்று நேரம் காதுக்கு ஓய்வு. தூங்கும்போது மாட்டக் கூடாது. வாரம் ஒருமுறை ரப்பரைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய வைத்துத்தான் திரும்ப மாட்ட வேண்டும். நுனியில் இருக்கும் சின்ன வலையில் காது அழுக்கு அடைத்தால் ஒரு பக்கம் சத்தம் குறையும். உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டினால் போதும். யாருக்கும் இரவல் கிடையாது, அம்மாவுக்கும்கூட!

அந்தக் கடைசி சட்டத்தை அவளேதான் முதலில் மீறினாள். கிண்டியில் மின்சார ரயில் ஏறி உட்கார்ந்ததும், சின்ன ரப்பரை மாற்றி என் காதில் வைத்துவிட்டாள். "உன் கச்சேரிம்மா." ரயில் கிளம்பியது. பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம் எல்லாம் ஜன்னலுக்கு வெளியே சத்தமில்லாமல் நகர்ந்தன. தொப்பியின் 'கும்' காதுக்குள் மெல்ல உருண்டது. போனை எடுத்துப் பார்த்தேன். ஆறாவது கோடு.

இது நடந்து மூன்று மாதமாகிறது. அந்தக் 'கொய்ங்' சத்தம் திரும்பி வரவில்லை. வந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும், மறுநாளே டாக்டரிடம் போக வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். உங்கள் வீட்டிலும் காதில் மாட்டியபடியே திரியும் பிள்ளைகள் இருப்பார்கள். 'கழற்றி வை' என்று சொல்வதற்கு முன், ஒரு நிமிடம் அந்தப் போனை வாங்கி, வால்யூம் எத்தனையாவது கோட்டில் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு, புது இயர்போன் வாங்கக் கடைக்குக் கிளம்புவதற்கு முன், பழைய டப்பாவில் அந்த இரண்டு ஜோடி ரப்பர் இன்னும் இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். சில வீடுகளில் செலவே இல்லாமல் வேலை முடிந்துவிடும்.